புகைப்புரையும் கலவை எந்திரமும்: ரப்பரின் உள்ளமைப்பு எங்கே உருவாகிறது?

மட்டாஞ்சேரியின் மிளகு வணிகத்தில் 'மலபார் கார்பிள்டு' என்றொரு தரப்பெயர் உண்டு. 'கார்பிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்று குழப்புதல், திரித்தல் என்றே பொருள் சொல்லப்படும். ஆனால் அச்சொல் சலித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்து, இத்தாலிய வணிகர்களின் வாய்வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. பிரித்தெடுத்தலைக் குறித்த சொல் பிறகு பிரிக்க இயலாத குழப்பத்தைக் குறிக்கலாயிற்று. மிளகு வணிகர்களின் வழக்கில் மட்டும் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது: தூசும் காம்பும் பதரும் நீக்கிய மிளகே 'கார்பிள்டு' மிளகு. மிளகின் காரமும் மணமும் பெரும்பாலும் கொடியிலேயே அமைந்துவிடுகின்றன. அறுவடைக்குப் பின் செய்யப்படும் வேலை, உள்ளிருப்பதைக் கெடாமல் காத்து, வேண்டாததை விலக்குவதோடு முடிகிறது.

இதே கொச்சியில் விலை பேசப்படும் மற்றொரு மலைநாட்டுச் சரக்குக்கு இந்த நியாயம் பொருந்தாது. ரப்பர்த் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். பன்னாட்டு வணிகத்தில் 'பச்சைப் புத்தகம்' என்று வழங்கும் தரநூல் புகையூட்டிய தாளுக்கு 1எக்ஸ் தொடங்கி 5 வரை படிநிலைகளை வகுத்திருக்கிறது. அது தேடச் சொல்லும் குறைகளைக் கவனிக்க வேண்டும்: குமிழி, துருப்படலம், பூஞ்சை, மிகையான புகை, வேகாத புள்ளி, மணல். குமிழி என்றால் உறையும்போது நொதித்திருக்கலாம், அல்லது புகைப்புரையில் சூடு மிஞ்சியிருக்கலாம். துருப்படலம் என்றால் தாளை உலர்த்தத் தாமதித்ததில் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் வேலை செய்திருக்கின்றன. மரத்தைப் பற்றியோ, பாலின் வேதிச் சேர்மானத்தைப் பற்றியோ அந்தப் பார்வை கேட்கும் கேள்வி ஏதுமில்லை. அது படிப்பதெல்லாம் அந்தத் தாள் கடந்துவந்த செய்முறையின் தடயங்களைத்தான். பலபடி அறிவியல் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் உழைத்து நிறுவிய ஓர் உண்மையின் பாமர வடிவம் இது என்று சொல்வது மிகையாகாது.

ரப்பர் மரம் இக்கரைக்கு வந்த கதை பலருக்கும் தெரிந்ததே. 1876இல் ஹென்றி விக்காம் அமேசானின் டப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்த சிறு பகுதியில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தன. வணிக அளவிலான முதல் ரப்பர்த் தோட்டம் 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் எழுந்தது. 1928 மே 26இல் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் கொச்சியின் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தபின், மலைச் சரக்குகளுக்கு அத்துறைமுகமே இயல்பான வாயிலாயிற்று.

அவ்வளவாகப் பேசப்படாத கதை, பாலை உறைய வைத்ததன் கதை. அமேசானில் சேகரிப்போர் துடுப்பொன்றைப் பாலில் நனைத்து, பனைக்கொட்டைகளை எரித்த புகையில் காட்டி, மறுபடி நனைத்து, அடுக்கடுக்காக ஓர் உருண்டையாக வளர்த்தனர். பாலின் நீர் ஆவியாகப் போயிற்று. அதில் கரைந்திருந்த புரதமும் சர்க்கரையும் உப்பும் ரப்பரோடேயே தங்கின. தோட்ட முறை வேறு. இலங்கையின் பேராதனையில் பணியாற்றிய ஜான் பார்க்கின் 1899 வாக்கில் அசெட்டிக் அமிலம் கொண்டு பாலை ஒரே சீராக உறைய வைக்கும் வழியைக் காட்டினார். அமிலம் சேர்த்தால் ரப்பர் கட்டியாகத் திரளும், தெளிநீர் பிரிந்துவிடும், அந்நீரோடு கரைபொருள்களில் பெரும்பங்கும் வெளியேறும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இன்று தட்டில் பால் ஊற்றி ஃபார்மிக் அமிலம் சேர்க்கும் சிறு விவசாயி செய்வதும் அடிப்படையில் அதுவே.

ஒரே இனத்து மரம், ஒரே வேதிப்பொருள். ஆயினும் தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஆலைக்காரர்கள் பிரேசிலின் பாரா ரப்பரையே பெரிதும் நம்பினர். தோட்ட ரப்பர் தூய்மையானது. ஆனால் ஒரு மூட்டை கந்தகத்தோடு விரைந்து இறுகியது, அடுத்த மூட்டை சோம்பியது. தெளிநீரோடு வெளியே போன ரப்பரல்லாத பொருள்களில் சில, கந்தகம் ரப்பரோடு பிணையும் வினையை முடுக்குபவை என்பது பின்னரே புலப்பட்டது. தூய்மை கூடியதால் சீர்மை குலைந்தது என்பது அக்கால வணிகருக்குப் பெரும் புதிராக இருந்திருக்க வேண்டும்.

ரப்பர்ப் பாலே ஒரு கலவைதான். நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர், நுண்துகள்களாக நீரில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் உறையாகப் போர்த்தியிருக்கின்றன. உறைய வைக்கும் முறை அவ்வுறைகளை எப்படிக் குலைக்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்பதே திடரப்பரின் உள்வலையைத் தீர்மானிக்கிறது. அந்த வலை அதன்பிறகும் ஓய்வதில்லை. பண்டகசாலையிலும் கப்பலின் அடித்தளத்திலும் கிடக்கும்போது ரப்பர் தானாகவே கெட்டிப்படுகிறது. சங்கிலிகளின் மீதுள்ள சில அயல்தொகுதிகள் மெல்ல ஒன்றோடொன்று பிணைவதே காரணம். மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் இதை ஆராய்ந்து, ஹைட்ராக்சிலமீன் வகைச் சேர்மத்தைக் கொண்டு அத்தொகுதிகளை முன்கூட்டியே அடைத்து, பாகுநிலை மாறாத ரப்பரை உருவாக்கியவர் பி. சி. சேகர். மலையாளக் குடும்பமொன்றில் மலாயாவில் பிறந்து, அந்நிலையத்தின் முதல் ஆசிய இயக்குநரானவர். காத்திருப்பும் ஒரு செய்முறையே என்பதை அவருடைய ஆய்வு வேதியியலாக எழுதிக் காட்டியது. மட்டாஞ்சேரி போன்ற இடைத்தங்கல் சந்தைகளின் வரலாற்றை எழுதுவோர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பண்டகசாலையில் சரக்கு 'சும்மா' கிடந்தது என்றே எழுதிச் செல்கிறார்கள்.

தோட்டத்திலிருந்து ஆலைக்கு வருவோம். 1820இல் லண்டனில் தாமஸ் ஹான்காக், வீணான ரப்பர்த் துண்டுகளை நறுக்குவதற்காக முட்கள் பதித்த உருளை எந்திரமொன்றைச் செய்தார். நறுக்கப்பட்ட துண்டுகளுக்குப் பதில், வெதுவெதுப்பான ஒரே உருண்டையாக ரப்பர் வெளிவந்தது. அதோடு அது இளகியிருந்தது. வடிவமைக்கவும் கரைக்கவும் பிற பொருள்களைப் பிசையவும் இடங்கொடுத்தது. போட்டியாளர்கள் அறியாதிருக்க அந்த எந்திரத்துக்கு 'ஊறுகாய்' என்று பொருள்படும் மறைபெயரை வைத்தார். என்ன நடந்தது என்று விளக்க அன்று எவராலும் முடியவில்லை. ரப்பரின் எளிய வாய்பாட்டை மைக்கேல் ஃபாரடே 1826இல் கண்டறிந்துவிட்டார். பிசைவதற்கு முன்னும் பின்னும் அந்த வாய்பாடு ஒன்றேதான். சேர்மானம் மாறாதபோது பண்பு ஏன் மாறியது?

விடைக்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. 1920இல் ஹெர்மன் ஸ்டௌடிங்கர், ரப்பர் போன்றவை ஆயிரக்கணக்கான அலகுகள் உண்மையான வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்ட நெடும் மூலக்கூறுகள் என்று வாதிட்டார். அப்படியாயின், பிசைதல் என்பது சங்கிலிகளை அறுத்தல். 1930களின் தொடக்கத்தில் ஆக்சிஜன் இல்லாச் சூழலில் பிசைந்தால் ரப்பர் அவ்வளவாக இளகுவதில்லை என்பது தெரிந்தது. 1950களில் பைக், வாட்சன் ஆகியோரின் ஆய்வு படத்தை நிறைவாக்கியது. குளிர்ந்த ரப்பர் விறைப்பானது. உருளைகளின் இழுவை சங்கிலியை நேரடியாக அறுக்கிறது. அறுந்த முனைகளை ஆக்சிஜன் மூடி, அவை மீண்டும் சேராமல் தடுக்கிறது. சூடு ஏற ஏற ரப்பர் வழுக்கிச் செல்வதால் அறுபடுவது குறைகிறது. ஏறத்தாழ 100 பாகை செல்சியஸைத் தாண்டியபின் வெப்ப ஆக்சிஜனேற்றம் தலையெடுத்து, அறுபடுவது மறுபடி கூடுகிறது. ஆகவே 60 பாகையில் பிசைந்த ரப்பரும் 100 பாகையில் பிசைந்த ரப்பரும் 150 பாகையில் பிசைந்த ரப்பரும் மூன்று வெவ்வேறு பொருள்கள். சூடு கூட்டினால் எதுவும் எளிதாக இளகும் என்ற சமையலறை அனுபவம் இங்கே வழிதவறச் செய்யும்.

ஒரே பலபடிக்கே இந்த நிலை என்றால், இரண்டு பலபடிகளைச் சேர்க்கும்போது செய்முறையின் ஆட்சி முழுமையாகிறது. 1941–42இல் ஃபுளோரியும் ஹக்கின்ஸும் தனித்தனியே வகுத்த கோட்பாடு இதற்கான அடித்தளத்தைத் தருகிறது. சாராயமும் நீரும் கலப்பதில் மூலக்கூறுகளுக்குக் கிடைக்கும் ஒழுங்கின்மை ஆதாயம் பெரிது. நெடுஞ்சங்கிலிகளுக்கு அந்த ஆதாயம் மிகச் சொற்பம். அலகுகள் தம்முள் கோக்கப்பட்டிருப்பதால் அவை விருப்பப்படி இடம் மாற இயலாது. எனவே இரு பலபடிகளுக்கிடையே சிறு வெறுப்பு இருந்தாலே போதும், அவை பிரிந்து நிற்கும். நைட்ரைல் ரப்பரும் பி.வி.சி.யும் போன்ற சில இணைகளே ஏறத்தாழ ஒன்றிக் கலப்பவை. மற்றவற்றில் ஒன்று ஊடகமாகவும் மற்றொன்று துளிகளாகவும், அல்லது இரண்டும் பின்னிய கடற்பஞ்சு போலவும் அமையும். துளியின் அளவு, வடிவம், எது ஊடகம் எது துளி என்பவை சூத்திரத்தில் எழுதப்படுவதில்லை. அவை எந்திரத்துக்குள் முடிவாகின்றன.

துறையினர் இவ்வமைப்பை 'மார்ஃபாலஜி' என்கிறார்கள். கெத்தே உயிர்களின் வடிவவியலுக்கு வழங்கிய சொல் அது. 1859இல் ஆகஸ்ட் ஷ்லைஹர் அதை மொழியியலுக்கு எடுத்துவந்தார். தமிழ் அதை உயிரியலில் ஒரு சொல்லாலும் மொழியியலில் 'உருபனியல்' என்றும் பிரித்துக்கொண்டதால், அந்த உறவு நம் கண்ணில் படாமல் போகிறது. பலபடிக்கு இங்கே 'உள்ளமைப்பு' என்பதே போதும்.

உள்ளமைப்பு உருவாகும் விதத்தை முதலில் அளந்தவர் பலபடிகளைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர், சுழலும் நான்கு உருளைகளுக்கு நடுவே பாகில் ஓர் எண்ணெய்த் துளியை நிறுத்தி, ஓட்டம் அதை எப்படி நீட்டி உடைக்கிறது என்று பார்த்தார். ஓட்டத்தின் இழுவிசை துளியைச் சிதைக்கிறது. இடைமுக இழுவிசை அதை மீண்டும் உருண்டையாக்க முயல்கிறது. இவ்விரண்டின் விகிதம் ஒரு வரம்பை மீறினால் துளி உடைகிறது. 1982இல் கிரேஸ் வெளியிட்ட விரிவான அளவீடுகள் இதை நடைமுறைக்குக் கொணர்ந்தன. துளியின் பாகுநிலை ஊடகத்தினுடையதைப்போல் ஏறத்தாழ 4 மடங்குக்கு மேற்பட்டால், வெறும் சறுக்கு ஓட்டம் எவ்வளவு வேகமாயினும் துளியை உடைக்காது. அது உருண்டுகொண்டே இருக்கும். நீட்சி ஓட்டம் வேண்டும். நன்கு பிசையாத கெட்டி ரப்பரை இளகிய பிளாஸ்டிக்கில் போட்டு மணிக்கணக்கில் சுழற்றினாலும் கட்டி கட்டியாகவே நிற்பதற்கு இதுவே காரணம். எந்திரத்தின் வேகத்தைக் கூட்டும் தொழிலாளி, சரியான இடத்தில் தவறான மருந்தைப் போடுகிறார்.

மினசோட்டாவில் ஸ்காட், மகாஸ்கோ ஆகிய இருவரும் 1991இல் காட்டியது இன்னும் வியப்பானது. மில்லிமீட்டர் அளவுள்ள குருணைகள் மைக்ரான் அளவுத் துளிகளாவது படிப்படியான நறுக்கலால் அன்று. குருணை எந்திரச் சுவரோடு தேய்ந்து மெல்லிய தகடாக இழுபடுகிறது. தகட்டில் ஓட்டைகள் விழுகின்றன. ஓட்டைகள் விரிந்து பின்னல் சரிகைபோலாகிறது. அது அறுந்து துளிகளாகிறது. பெரும்பகுதி வேலை முதல் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதன்பின் துளிகள் மோதி மீண்டும் ஒன்றாவதும் உடைவதும் ஒரு சமநிலைக்கு வருகின்றன. 1995இல் உத்தண்டராமன் சுந்தரராஜும் மகாஸ்கோவும் வெளியிட்ட ஆய்வு, இரு பகுதிகளையும் இணக்கும் கூட்டுப்பலபடியின் முதன்மைப் பணி, துளிகள் மீண்டும் ஒன்றுசேர்வதைத் தடுப்பதே என்று நிறுவியது. அதுவரை அது துளியை உடைக்கத்தான் உதவுகிறது என்று பாடநூல்கள் பொதுவாக எண்ணிவந்தன.

செய்முறையின் வலிமையைக் காட்ட மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பாலிஸ்டைரீனின் வரலாற்றிலிருந்து கிடைக்கிறது. ஸ்டைரீனில் ரப்பரைக் கரைத்து, அதைப் பலபடியாக்கினால் எளிதில் உடையாத பிளாஸ்டிக் கிடைக்கும் என்று ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி 1927இலேயே காப்புரிமை பெற்றார். அது பெரிதாகப் பயன்படவில்லை. டௌ நிறுவனத்தில் ஏமோஸும் உடன்பணியாளர்களும் 1954இல் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி ஒரே சொல்: கிளறுதல். கிளறாமல் விட்டால் ரப்பர்க் கரைசலே ஊடகமாக நின்று, இறுதியில் உருக்க இயலாத வலையாகிறது. வினை நடக்கும்போது கிளறினால், ஒரு கட்டத்தில் அமைப்பு தலைகீழாகப் புரண்டு பாலிஸ்டைரீன் ஊடகமாகவும், ரப்பர் அதற்குள் துளிகளாகவும், அத்துளிகளுக்குள்ளும் நுண்பாலிஸ்டைரீன் அடைபட்டும் அமைகிறது. எடைக்கணக்கில் இரண்டும் ஒன்றே. ஒன்று குப்பை, மற்றொன்று குளிர்பதனப் பெட்டியின் உட்சுவர்.

ரப்பருக்கு இந்தத் தலைகீழ்ப் புரட்டு வேறு வழியில் வந்தது. 1962இல் கெஸ்லர், ஹாஸ்லெட் காப்புரிமை, ரப்பரும் பாலிப்ரொப்பிலீனும் உருகிக் கலக்கும்போதே ரப்பரில் குறுக்கிணைப்பை ஏற்படுத்தும் முறையைக் கூறியது. 1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் மொன்சாண்டோவில் கோரனும் படேலும் இதை முழுமையாக்கினர். 1981இல் 'சாண்டோபிரீன்' சந்தைக்கு வந்தது. இதே காலத்தில் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் இங்கிலாந்து ஆய்வகத்தில் கேம்ப்பெல், எலியட் ஆகியோர் இயற்கை ரப்பரைக் கொண்டே இத்தகைய கலவையை வளர்த்தெடுத்தனர். இதில் ரப்பர் 60, 70 விழுக்காடு இருந்தாலும் அதுதான் துளிகளாகிறது. சிறுபான்மையான பிளாஸ்டிக் ஊடகமாகிறது. இறுகத் தொடங்கிய ரப்பரால் ஓட இயலாது, ஓடக்கூடியதே ஊடகமாகும். ஆகவே அது ரப்பர்போல் மீள்கிறது. பிளாஸ்டிக்போல் மீண்டும் உருகுகிறது. கலத்தலை நிறுத்தியபின் குறுக்கிணைத்தால், அதே பொருள்கள் அதே அளவில் இருந்தும், மீண்டும் உருகாத கட்டியே எஞ்சும்.

கேரளத்தில் இவ்வாய்வு தழைத்ததில் வியப்பில்லை. மரம் அங்கே இருந்தது. 1947இன் ரப்பர்ச் சட்டத்தின்வழி அமைந்த வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்திலேயே. அங்கு 1955இல் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதன் பலபடி அறிவியல், ரப்பர்த் தொழில்நுட்பத் துறையில் ஜோசப் ஃபிரான்சிஸ், கே. ஈ. ஜார்ஜ், ராணி ஜோசப் ஆகியோர் 1980களில் நைட்ரைல் ரப்பர்–பி.வி.சி. கலவைகளை ஆராய்ந்தனர். ஒன்றிக் கலப்பது என்று பெயர்பெற்ற இந்த இணையிலும் செய்முறை விடுவதில்லை. பி.வி.சி. தூள் முழுதும் இளகும் வெப்பநிலையை எட்டாவிட்டால் அதன் துகள்கள் உடையாமல் மணலாகவே ரப்பருக்குள் கிடக்கும். அதை மிகவும் தாண்டினால் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடை உதிர்த்துக் கருகும். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் 1990களில் சாபு தாமஸ், அசலேதா, ஆராய்ச்சி நிலையத்தின் குமரன் ஆகியோர் இயற்கை ரப்பர்–பாலிஸ்டைரீன் கலவையையும், அவ்விரண்டையும் ஒட்டவைக்கும் கிளைப்பலபடியையும் ஆராய்ந்தனர். இணக்கும் பொருளை எவ்வளவு சேர்ப்பது என்பதோடு எப்படிச் சேர்ப்பது என்பதையும் அவர்கள் தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டது பாராட்டத்தக்கது.

டயர்த் தொழிலில் இதே கேள்வி கரிப்புகையின் வடிவில் வருகிறது. இயற்கை ரப்பரும் பாலிபியூட்டாடையீனும் சேர்ந்த கலவையில் கரிப்புகை தன் விருப்பத்துக்கு விட்டால் பாலிபியூட்டாடையீன் பக்கமே மிகுதியாகச் செல்லும் என்று ஹெஸ், காலன் முதலியோரின் மின்நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டின. முதலில் இயற்கை ரப்பரோடு கரிப்புகையைப் பிசைந்துவிட்டுப் பிறகு மற்றதைச் சேர்த்தால், பங்கீடு மாறும். தேய்மானமும் சூடேற்றமும் மாறும். செய்முறைக் குறிப்பில் 'கரிப்புகை 50 பங்கு' என்ற வரி, அது எந்த ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இந்திய ஆய்வேடுகளில் இந்த வரி மட்டுமே இருப்பது அரிதன்று. கலவையின் விகிதம் தசமப் புள்ளியோடு தரப்பட்டிருக்கும். கலவை எந்திரத்தின் வெப்பநிலையும் சுழற்சி வேகமும் ஒரு வாக்கியத்தில் முடியும். சேர்த்த வரிசை, அறை எவ்வளவு நிரப்பப்பட்டது, இறக்கியபின் எப்படிக் குளிர்விக்கப்பட்டது, ரப்பர் எத்தனை மாதம் சேமிப்பில் இருந்தது என்பவை இரா. சேகரின் ஆய்வை நினைத்தால் கடைசிக் கேள்வியே முடிவுகளைப் புரட்டக்கூடியது. அச்சில் குளிரும் சில நொடிகளும் அற்பமல்ல: ஊசிவார்ப்பில் சுவரை ஒட்டிய துளிகள் நீண்டு உறைகின்றன, நடுவில் உள்ளவை உருண்டையாகத் திரும்பி, பெரிதாகவும் ஆகின்றன. ஒரே துண்டின் தோலிலும் நடுவிலும் எடுத்த இரண்டு நுண்படங்கள் இரண்டு வெவ்வேறு கலவைகள்போல் தோன்றும். எந்த இடத்திலிருந்து எடுத்த படம் என்று குறிக்காத ஆய்வேட்டிலிருந்து அடுத்தவர் எதையும் மீண்டும் செய்துபார்க்க இயலாது.

கொச்சியில் இக்கேள்வி இப்போது ஆய்வகத்துக்கு வெளியிலும் எழுந்திருக்கிறது. 2023 மார்ச் 2இல் மாநகராட்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் பற்றிய தீ பத்து நாள்களுக்கு மேல் புகைந்தது. எரிந்ததில் பெரும்பகுதி பிரிக்கப்படாத பிளாஸ்டிக். இத்தகைய குவியல்களில் மிகுந்திருப்பவை பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும். வேதியியலில் உடன்பிறப்புகள் எனத்தக்க இவ்விரண்டும் ஒன்றிக் கலப்பதில்லை; சேர்த்து உருக்கினால் இடைமுகத்தில் பிளந்து உடையும் பொருளே கிடைக்கும். 2017இல் ஈகன், பேட்ஸ், கோட்ஸ் முதலியோர், இவ்விரண்டின் நீண்ட துண்டங்கள் மாறிமாறி அமைந்த கூட்டுப்பலபடியில் ஒரு விழுக்காடு அளவு சேர்த்தாலே கலவை உறுதியாகிறது என்று காட்டினர். அந்தச் சோதனை தூய பலபடிகளில், அளந்த விகிதத்தில் செய்யப்பட்டது. குப்பையிலிருந்து வரும் பிளாஸ்டிக்குக்கு விகிதம் நாளுக்கு நாள் மாறும். அது முன்பு எத்தனை முறை உருக்கப்பட்டது, எத்தனை கோடை வெயிலில் கிடந்தது என்பதற்குச் சீட்டு ஏதும் ஒட்டியிருக்காது. மறுசுழற்சி ஆலைக்காரருக்கு மிஞ்சும் பிடி, வாயிலில் பிரிப்பதும், எந்திரத்தின் வெப்பமும் வேகமும் நேரமும்தான்.